சிவப்பு முக்காலி

அன்று மழலையர் வகுப்பில் இருந்தவர்கள் இவர்கள்: பாயில் ஆறு பிள்ளைகள். அவர்களுக்கு எதிரே மண்டியிட்டபடி, தேர்வுப் பாடம் நடத்த வந்த பயிற்சி ஆசிரியை. கதவருகே ஆயா. அறையின் ஒரே பெரிய நாற்காலியில் பயிற்சிக் கல்லூரி முதல்வர். ஜன்னலோரச் சிவப்பு முக்காலியில், எழுத வெளிச்சம் வேண்டுமென்று, மதிப்பெண் போட வந்த விரிவுரையாளர் அம்மா.

ஏழாவது பிள்ளை தாமதமாக வந்தாள். இன்னும் பேச்சு வரவில்லை. கீச்சென்று ஒரு சத்தம்தான், அதனால் எல்லோருக்கும் அவள் குருவி. வாசலில் நின்று ஜன்னல் பக்கம் பார்த்தவள் அலறத் தொடங்கினாள். பயிற்சி ஆசிரியை குனிந்து கூப்பிட்டாள், பட அட்டையை நீட்டினாள். எதுவும் எடுபடவில்லை. குருவி மரக்கட்டைகளை வாரி இறைத்தாள். பாயிலிருந்தவர்களும் கூடச் சேர்ந்து அழுதார்கள். பாடம் அதோடு முடிந்தது.

'சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தையைக் கையாளத் தெரியவில்லை. தேர்ச்சி இல்லை' என்று விரிவுரையாளர் எழுதினார். தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு முதல்வர் கிளம்பிவிட்டார்.

தெருமுனை வரை போன விரிவுரையாளர், மறந்துவிட்ட கண்ணாடிக் கூட்டை எடுக்கத் திரும்பி வந்தார். சிவப்பு முக்காலியில் குருவி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அழுத சுவடே இல்லை. தரையில் கிடந்த பட அட்டையை எடுத்துப் பார்த்தார். குருவி வந்ததும் செய்ய வேண்டியவை வரிசையாக வரையப்பட்டிருந்தன. முதல் படமே அந்த முக்காலிதான்.

"இது அவ எடமா?"

"ஆமா மேடம். கொஞ்ச நேரம் அங்க இருந்துட்டு, தானாவே பாய்க்கு வந்துடுவா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

பயிற்சி ஆசிரியை கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "மார்க் போட வந்தவங்கள எப்படி மேடம் எழுப்புறது? எழுப்பினா மரியாதை தெரியலம்பீங்க. எழுப்பலன்னா இப்படி. எப்படியும் அடி எனக்குத்தான்."

"இங்கயே வேலை தர்றதா சொன்னாங்களே?"

"பாஸ் பண்ணாத்தான்."

விரிவுரையாளருக்கு முகம் சுண்டிப்போனது. குழந்தையின் இடத்தை மாற்றக் கூடாது என்று கல்லூரி வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்கப் பேசியவர் அவர்தான். தான் உட்காரும் வரை எந்த மாணவியும் உட்காரக் கூடாது என்று பழக்கியவரும் அவர்தான்.

கல்லூரிக்குப் போய் முதல்வரிடம் சொன்னார்.

"விட்டுத் தள்ளுங்கம்மா, அடுத்த வருஷம் எழுதட்டும்" என்றார் முதல்வர். "மாத்தணும்னா எழுத்துல குடுங்க. மேலிடம் வரைக்கும் போகும். கெட்ட பேர் உங்களுக்குத்தான்."

தன் அறைக்கு வந்து எழுத உட்கார்ந்தார். 'எதிர்பாராத இடையூறு காரணமாக' என்று தொடங்கியதும் பேனா நின்றது. இதைப் படிப்பவர்கள் குருவியைத்தான் இடையூறு என்று நினைப்பார்கள். தாளைக் கிழித்துப் போட்டார். வேறு தாளில், 'அந்தக் குழந்தையின் இடத்தில் உட்கார்ந்திருந்தது நான். அவள் அழுததற்குக் காரணம் நான். என் மதிப்பெண்ணை ரத்து செய்து, வேறொருவரை வைத்து இந்த மாதமே மறுதேர்வு நடத்துங்கள்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். படித்துப் பார்த்தார். நெஞ்சு லேசாகவில்லை, அந்த அலறல் காதிலேயே இருந்தது.

முதல்வர் பெயரிட்ட உறையில் போட்டு ஒட்டி, ஓரத்தை விரலால் அழுத்தி, அலுவலக உதவியாளரிடம் நீட்டினார்.

"அவசரமா மேடம்? சாப்ட்டு வந்து குடுக்கவா?"

"இப்பவே கொண்டு போங்க. விட்டா நானே திரும்ப வாங்கிடுவேன்."

உதவியாளர் படியிறங்கிப் போகும் வரை விரிவுரையாளர் உட்காரவில்லை.