மாஸ்டரின் கழுத்துப் பிடிப்பு

என் வீட்டுக்காரர் யோகா மாஸ்டர். உடம்பு வில்லாக வளையும், மனுஷன் வளைய மாட்டார். வகுப்பில் முன்னால் பாயை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு ஆசனமாக அவர்பாட்டுக்குச் செய்துகொண்டே போவார். பின்னால் யார் விழுந்தார், யார் எழுந்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. "நான் செய்றதைப் பார்த்தாலே அவங்களுக்கு வந்துடும்" என்பார். நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்து எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன். எனக்கு வந்ததெல்லாம் குதிகால் வலிதான்.

வகுப்பு நடக்கிற ஹாலின் முதலாளி ஒருநாள் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். அவருடைய மச்சானும் யோகா கற்றுக்கொண்டு வந்துவிட்டானாம். அவன் வளைகிற வளைப்பில் ஊரே அவனை ரப்பர் என்றுதான் கூப்பிடுகிறது. "இன்னிக்கு அவன் எடுக்கட்டும், நாளைக்கு நீங்க எடுங்க. யார் வேணும்னு வர்றவங்களே சொல்லட்டும்" என்றார் முதலாளி. அந்த வகுப்பு போனால் எங்கள் வீட்டில் அடுப்பெரியாது.

ரப்பர் கைகளை ஊன்றித் தலைகீழாக நின்றான். காலைத் தூக்கிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டான். எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்த இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நான் யாருன்னு நாளைக்குக் காட்டறேன்" என்று, செய்வதை விட்டே வருஷக்கணக்கான மயிலாசனத்தைக் கூடத்தில் பழக ஆரம்பித்தார். மயில் சரிந்து கட்டில் காலில் போய் முட்டியது. கழுத்து இடது பக்கம் பிடித்துக்கொண்டு, திரும்ப மாட்டேன் என்று நின்றுவிட்டது.

மறுநாள் அவரைக் கைத்தாங்கலாக ஹாலுக்குப் படியேற்றினேன். குனிய முடியாது, படுக்க முடியாது. வேறு வழியில்லாமல் பாய்களுக்கு நடுவே நடந்தார். கழுத்து திரும்பாததால், ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் மொத்த உடம்பையும் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. நின்றால் பார்க்காமல் இருக்க முடியுமா?

"டீச்சர், முட்டி வலிக்குதா?"

"வலிக்குது மாஸ்டர். நீங்க கண்ணைத் தொறந்தாத்தானே சொல்றதுக்கு!" என்றார் பள்ளிக்கூட டீச்சர். இவர் ஒரு போர்வையை மடித்து முட்டிக்கு அடியில் வைத்தார்.

பஸ் டிரைவரிடம் போனார். "இந்தத் தோள் எப்போலேர்ந்து தூக்க வரல?"

"சேர்ந்த அன்னிலேர்ந்து மாஸ்டர்."

டிரைவரைச் சுவரோரம் நிறுத்தி, கையைப் பிடித்து மெல்ல மெல்ல ஏற்றினார். கடைசியில் சவாசனத்தில் டிரைவர் குறட்டை விட்டார். டீச்சர் எழுப்பப் போனார். "விடுங்க, தூங்கட்டும். பாவம், எப்போ தூங்கினாரோ" என்றார் இவர். இவருக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

முதலாளி வந்து, யார் வேண்டும் என்று கேட்டார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது, யோகா இல்லாமலே.

"ரப்பர் நல்லாத்தான் வளையறாரு. ஆனா வளைய வேண்டியது நாங்கதானே?" என்றார் டீச்சர். "மாஸ்டரே இருக்கட்டும்."

டிரைவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார். "எனக்கும் அவர்தான். ஒரே ஒரு வேண்டுகோள் சார், அவர் கழுத்து மட்டும் சரியாயிடக் கூடாது."

ஹாலே சிரித்தது. இவர் முறைக்கப் பார்த்தார், முறைப்பு தப்பான ஆள்மேல் விழுந்தது.

படியிறங்கும்போது இவர் நின்று, மொத்த உடம்பையும் என் பக்கம் திருப்பினார். "நீ ஏன் காலை நொண்டுற? எப்போலேர்ந்து?"

"உங்க கழுத்து நேரா இருந்தப்பவே ஆரம்பிச்சது."

அப்படியே படியில் உட்கார்ந்து, என் பாதத்தை மடியில் வைத்துக் குதிகாலை அழுத்திவிட்டார். போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், "கழுத்துக்குத் தேய்க்கத் தைலம் எங்க?" என்றார்.

பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "தீர்ந்துபோச்சுங்க" என்றேன்.