கண்ணிமைக் கரி

1928 ஆடி மாதம். ரயில் கம்பெனி ஆட்குறைப்பு அறிவித்ததும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்கு வந்த கருங்காலிகளை வைத்துக் கம்பெனி சில எஞ்சின்களை மட்டும் ஓட்டியது. அப்படி ஓடிய ஒரு வண்டியில் வந்திறங்கிய போலீஸ் சுட்டதில் சுந்தரராஜின் தம்பி செத்துப்போனான்.

சுந்தரராஜ் மயிலாடிக்காரன், திருநெல்வேலி ஷெட்டில் ஃபயர்மேன். தெற்கே தண்டவாளம் திருநெல்வேலியோடு முடிந்துவிடும். நாஞ்சில் நாட்டுக்குத் திரும்புகிறவன் பஸ்ஸில் வந்து ஆரல்வாய்மொழிச் சுங்கச் சாவடியில் இறங்கியாக வேண்டும். அங்கே கருங்காலிகளைப் பிடிக்கச் சுந்தரராஜும் ஷெட் கூட்டாளி தேவகுமாரும் காத்து நின்றார்கள். எஞ்சின் அடுப்புக்குக் கரி தள்ளுகிறவனின் இமைமயிர்க்கால்களில் தூள் ஏறிக்கொள்ளும், சோப்புக்கும் போகாது. அடுப்பை விட்டு நாளானதால் வேலைநிறுத்தத்தில் இருந்தவர்களுக்கு இமை தானாக வெளுத்துவிட்டிருந்தது. கறுத்த இமையோடு வருகிறவன் கருங்காலி.

முகம்மது ஹனீபா இறங்கினான். கோட்டாற்றுக்காரன், அதே ஷெட்டில் ஃபயர்மேன். இரண்டு இமையும் கறுத்திருந்தன.

“லேய், கண்ணுல என்னவாக்கும் அது?” என்று கேட்டான் சுந்தரராஜ்.

“சுறுமா மக்கா, கண்ணுக்கு இடுற மை. தங்கச்சிக்கு நிக்காஹ்.”

“இத்தன வருசமா நீ சுறுமா போட்டு நான் பாத்ததில்லியே?”

“அடுப்பு முன்னால நின்னா உருகி வழியாதா? இப்பம்லா சும்மா இருக்கோம்.”

“கரிய மறைக்க சுறுமா! கொள்ளாம்டே, மாப்பிள கணக்கா வந்திருக்கான்!” என்றான் தேவகுமார்.

முதல் அடி வாயில் விழுந்தது. பிறகு உதைத்தார்கள். சாவடிச் சேவகன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “ரயிலே இல்லாத ஊர்ல ரயில் சண்டையாடே?” என்று கேட்டு உள்ளே போய்விட்டான்.

“எந்தக் கையால கரி தள்ளுன? அந்த வண்டிக்கும் நீதானே?” ஹனீபாவின் வலது கையை மைல்கல்லின் மேல் இழுத்து வைத்து, பாதையோரக் கருங்கல்லால் சுந்தரராஜ் அடித்தான். எலும்பு முறிந்த பிறகும் அடித்தான்.

ஹனீபா மயங்கிச் சரிந்தான். செத்துவிட்டானோ என்று பயந்த தேவகுமார் துண்டை நனைத்து அவன் முகத்தைத் துடைத்தான். இரத்தத்தோடு கறுப்பும் துண்டில் வந்தது. இன்னொரு முறை அழுத்தித் துடைத்தான். அடியில் இமை வெளுத்திருந்தது, சுந்தரராஜின் இமையைப் போலவே.

சுந்தரராஜின் கையிலிருந்து கல் விழுந்தது.

ஹனீபா கண் திறந்து, தொங்கிய கையைப் பார்த்தான்.

“ஆளக் கொறைக்கணும்னுதானே கம்பெனி சொல்லிச்சு? ஒராள நீ கொறச்சுட்ட, மக்கா.”