இரண்டாயிரம் வந்துவிட்ட அறை

1998 நவம்பர் 12, வியாழன். சோதனை முடிந்ததும் கணினியின் தேதியைப் பழையபடி மாற்றிவைக்க டொமினிக் மறந்துவிட்டான். சின்னத் தவறுதான். மறுநாள் கதவைத் திறந்தபோது அந்த அறைக்குள் 2000 ஜனவரி நடந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, இன்னும் பள்ளம்கூடத் தோண்டாத மேம்பாலத்தில் லாரிகள் போயின. தேதியைத் திருப்பிப் பார்த்தார்கள்; அறை திரும்பவில்லை. இரண்டாயிரமாவது ஆண்டில் அமெரிக்க வங்கிகளின் கணக்கு குழம்பாமல் நிரல்களைத் திருத்துவதுதான் கம்பெனியின் பிழைப்பு என்பதால் மேனேஜர் கணேசமூர்த்தி கலங்கவில்லை. "ஒள்ளேதாய்த்து, நல்லதாப் போச்சு, நிஜத் தேதியிலயே டெஸ்ட் பண்ணலாம். ஏசிய மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்கப்பா" என்றார்.

அடுத்த வாரம் அந்த அறையின் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் பேசியவனும் டொமினிக்தான், இரண்டாயிரத்தின் டொமினிக். அமெரிக்காவிலிருந்து, சளி பிடித்த குரலில். தங்கை பிரிஜெட்டுக்கு நர்சிங் காலேஜில் பணம் கட்டிவிட்டதாகச் சொல்லிவிட்டு, "ஆஸ்டின் டவுன் கிளாஸ் இப்ப யாரு எடுக்குறாங்க?" என்று கேட்டான். "நான்தான்" என்றான் இவன். யார் யார் வருகிறார்கள் என்று அவன் ஒவ்வொருவராக விசாரித்தான்.

இங்கே ஆஸ்டின் டவுன் சர்ச் கூடத்தில் ஒரே ஒரு பழைய கணினியை வைத்து, மெக்கானிக்குகளுக்கும் தையல்காரப் பெண்களுக்கும் மாலையில் டொமினிக் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தான். அதில் வருமானம் கிடையாது. ஆனால் அன்றாடம் அவன் முழுதாக விழித்திருந்தது அந்த நேரத்தில்தான். அமெரிக்கா போகும் வாய்ப்பு நிஜமாகவே வந்தபோது, தங்கவயலில் அப்பா இறந்தபின் அவனை நம்பியிருந்த பிரிஜெட் சிரித்தாள். "வருஷத்துல ரெண்டு சைபர் சேத்துட்டு வர்றதுக்கு இவ்ளோ யோசனையாண்ணா? உன் கிளாஸு எங்கயும் ஓடிடாது."

அவன் போகவில்லை. பணம் கட்ட வழியில்லாமல் அவள் காலேஜ் இடத்தை விட்டுவிட்டு கார்மென்ட்ஸில் சேர்ந்தாள். ஈஸ்டர் வரை அவனோடு பேசவில்லை.

அமெரிக்கா போனவனோ கூப்பிடுவதை நிறுத்தவில்லை. வெளியே இரண்டாயிரம் வந்தது, வேலை குறைந்தது, பலரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். மேம்பாலமும் வந்தது, ஜன்னலில் தெரிந்ததைவிடச் சற்றுக் குறுகலாக. அவன் தன் பக்கத்துப் பிரிஜெட்டின் தேர்வு முடிவுகளைச் சொல்வான். இவன் வகுப்பில் யார் என்ன எழுதினார்கள் என்று சொல்வான். இருவரும் மன்னிப்புக் கேட்டதில்லை.

அந்த அழைப்புகளைப் பற்றி டொமினிக் தங்கையிடம் சொல்லியிருந்தான். ஒரு ஞாயிறு, வீட்டுத் தையல் இயந்திரத்தின் முன், ஊசி குத்திய விரலைச் சப்பிக்கொண்டே பிரிஜெட் கேட்டாள்: "அங்க நான் பாஸாண்ணா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ். வார்டுல சேந்துட்டியாம்."

"திமிரு புடிச்சவளா இருப்பேன்" என்றாள். பிறகு அன்று முழுதும் இயந்திரத்தை மிதிக்கவே இல்லை.

டொமினிக் நாளை செய்ய வேண்டியது: பிரிஜெட்டை அந்த அறைக்கு அழைத்துப் போவது. தொலைபேசி மணி அடித்தால், அவளையே எடுக்கச் சொல்வது.