பெரிய தொட்டி

திருமூர்த்தி கடைக்குள் வந்தபோது செல்வப்பிரியா எழுந்திருக்கவில்லை. அவனை இப்படித் தன் வாசலில் நிற்க வைத்து மனசுக்குள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கு எதிரே கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். அவள் முதன்முதலில் கம்ப்யூட்டர் கட்டிக்கொடுத்தது அவனுக்குத்தான். தூசி படுமென்று அதை அலமாரிக்குள் பூட்டிவைத்து ஓட்டினான். காற்றில்லாமல் வெந்து கருகியது. ஒரு கல்யாணத்தின் படம் முழுக்கப் போயிற்று. பெண் வீட்டார் சண்டைக்கு வந்தபோது, "பொட்டப்புள்ள கட்டுன பொட்டி, வேறெப்படி இருக்கும்?" என்று சந்தைக்கே கேட்கும்படி சொன்னான். அலமாரியைப் பற்றி மூச்சுவிடவில்லை. அதற்குப்பின் அவளிடம் யாரும் வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறி, யாரோ ஒருவர் கடையில் பிரிண்டருக்கு மை நிரப்பினாள். இந்த வருஷம்தான் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கியிருக்கிறாள்.

இப்போது அவனுக்குத் தண்ணீரால் குளிரும் கம்ப்யூட்டர் வேண்டுமாம். அதைக் கட்டத் தெரிந்தவர்கள் பக்கத்தில் வேறு யாருமில்லை. பழைய உரிமையோடு 'அம்மிணி' என்றான். நடந்ததை மறந்தவனைப்போல்கூட இல்லை, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பவனைப்போல. அதுதான் அவளுக்கு எரிந்தது.

மேசைமேல் இரண்டு தொட்டிகளை வைத்தாள். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்குவது, ஸ்க்ரூ போட்டு மூடியது. மற்றது முழங்கை நீளக் கண்ணாடிக் குழாய், கையால் திருகித் திறக்கிற மூடி.

"பெருசே வெச்சுரு அம்மிணி. தொட்டி பெருசா இருந்தாத்தான குளுகுளுன்னு இருக்கும்?"

சூட்டை வெளியேற்றுவது ரேடியேட்டர். தொட்டி தண்ணீரை வைத்திருந்து, குழாய்க்குள் சிக்கிய காற்றை மேலே விடும், அவ்வளவுதான். அவன் வேலைக்குச் சின்னதே தாராளம். இதையெல்லாம் சொன்னாள். அவன் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தான்.

அந்த விரல்களைப் பார்த்தபோதுதான் பழைய கணக்கைத் தீர்க்க அவளுக்கு வழி தெரிந்தது. மலைக்கு அந்தப்பக்கம் கொட்டுகிற மழை எட்டிப் பார்க்காத ஊர் இது. பெண் பார்க்கப் போனாலும் முதலில் மாடித் தொட்டியை அண்ணாந்து பார்ப்பார்கள். தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கினாலும் இங்கே யாருக்கும் கை சும்மா இருக்காது. காற்று வெளியேற வெளியேற ஆரம்பத்தில் மட்டம் இறங்கத்தான் செய்யும். சின்னத் தொட்டியென்றால் மூடியைத் திறக்க அவனால் ஆகாது. பெரியதில் ஊற்றுவான், அவன் வீட்டு போர் தண்ணீரை, குடமெல்லாம் வெள்ளையாகப் படிகிற உப்புத் தண்ணீரை. குழாய் அடைத்துக்கொள்ளும்.

"மட்டம் எறங்குனா எங்கிட்டக் கொண்டாங்கண்ணா. போர் தண்ணி ஊத்தீராதீங்க."

சொல்லிவிட்டாள், அதில் பொய்யில்லை. ஆனால் ஒரே முறை, தலை நிமிராமல், அவன் எப்போதுமே காதில் வாங்காத அந்தத் தாழ்ந்த குரலில். வேண்டுமென்றேதான். சின்னத் தொட்டியை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். பெரியதையே வைத்துக் கட்டிக்கொடுத்தாள்.

சில மாதத்தில், கோடை வெயில் ஏறுவதற்குள் ஆள் அனுப்பினான், கம்ப்யூட்டர் ஓட ஓட அணைந்துவிடுகிறதாம். அதைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லாமல், சந்தை நாளாகப் பார்த்து அவன் ஸ்டுடியோவுக்குத் தானே போனாள். தெருவைப் பார்த்த முன்மேசையில் வைத்துப் பிரித்தாள். தக்காளிக் கூடையோடு போனவர்கள்கூட நின்றார்கள். குழாயெல்லாம் வெள்ளைப் பொருக்கு, அதன்மேல் பாசி.

"இந்தத் தடவையும் பாருங்க..." என்று கூட்டத்தைப் பார்த்து ஆரம்பித்தான்.

அவள் தொட்டித் தண்ணீரை ஒரு டம்ளரில் சாய்த்து அவன் முன்னால் நகர்த்தினாள்.

"நான் ஊத்துனது நீலக் கலருங்கண்ணா. மோந்து பாருங்க, இது யாரூட்டு போர் தண்ணி?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் டம்ளரைத் தொடவில்லை. மட்டம் இறங்கியதால் கொஞ்சமே கொஞ்சம் ஊற்றியதாக முனகினான்.

"சந்தைக்குக் கேக்கோணும். முன்ன அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டுனதையும் சேத்துச் சொல்லுங்க. அப்பறந்தான் ஸ்க்ரூவைத் தொடுவேன்."

சொன்னான். முதலில் மேசைக்கு, அவள் அசையாததைப் பார்த்துப் பிறகு தெருவுக்கு. அவள் ஒவ்வொரு சொல்லையும் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டாள். இனித்தது. அடித்தொண்டையில் மட்டும் அந்த உப்புத் தண்ணீரைக் குடித்ததுபோல் ஏதோ கரித்தது.

பிறகு பையைத் திறந்து சின்னத் தொட்டியை வெளியே எடுத்தாள்.

"அட, இதையே அப்பவே வெச்சிருக்கலாமே அம்மிணி?" என்றான் திருமூர்த்தி.

"வெச்சிருக்கலாம்," என்றாள்.