ஆட்டுக்குப் போன சோறு

வெயில் ஏறும் முன்பே தயாளினிக்கு இடுப்போடு நாரி பிடித்துக்கொண்டது. வெங்காயம் கிண்டும் வேலையில் நிமிர்ந்து நிற்பதற்கென்று ஒரு நேரம் கிடையாது. குந்தியிருந்து கிண்ட வேண்டும், மண்ணை உதற வேண்டும், தாளைச் சேர்த்துப் பிடியாகக் கட்டிப் போட்டுவிட்டு அப்படியே அரக்கி அரக்கிப் போக வேண்டும். காலையில் தேத்தண்ணியோடு நோவுக்கென்று ஒரு மாத்திரை, நோக் குளிசை, விழுங்கியிருந்தாள். அதன் வேலை முடிந்துவிட்டது. இனி நோவோடுதான் வேலை.

மத்தியானம் கிட்ட, மடியில் கிடந்த போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து பியாட்றிஸ் ரீச்சர்.

"தயாளினி, உடனை ஒருக்கா வாங்கோ. மகனைக் கூட்டிக்கொண்டு போகவேணும்."

தோட்டத்துச் சொந்தக்காரர் சண்முகநாதன் வரம்பில் நின்று பார்த்தார். "திரும்பவும் பள்ளிக்கூடமோ? படிக்கிறது பெடியனோ நீயோ தங்கச்சி?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவள் கையை உதறிக்கொண்டு எழும்பினாள். நாரி ஒரேயடியாக நிமிர விடவில்லை.

மயூரதனுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூட அதிபரின் அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்து காலால் சுவரை உதைத்துக்கொண்டிருந்தான். கணக்குப் பாடத்துக்கு நடுவில் எழும்பி ஓடி, தண்ணீர்த் தாங்கியின் ஏணியில் ஏறி, உச்சியில் போய் நின்றிருக்கிறான். இறக்குவதற்கு இரண்டு வாத்திமார் மேலே ஏற வேண்டியிருந்ததாம்.

அதிபர் அதிகம் பேசவில்லை. "இன்னொரு தரம் உப்பிடி நடந்தால் இவனை இஞ்சை வைச்சிருக்க ஏலாது அம்மா. விழுந்து செத்தால் ஆர் பதில் சொல்லுறது? வேறை பள்ளிக்கூடம் பாருங்கோ."

வெளியே வந்ததும் ரீச்சர் குரலைத் தாழ்த்தினா. "குளிசை ஒழுங்காக் குடுக்கிறியளோ?"

"ஓம் ரீச்சர்."

"நீங்கள்தான் குடுக்கிறதோ?"

"அவர் குடுக்கிறவர். நான் விடியவே தோட்டத்துக்குப் போயிடுவன்."

ரீச்சர் அவளது மண் பிடித்த கைகளைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தா. அந்தப் பார்வை தயாளினிக்குத் தெரிந்த பார்வை. இந்தச் சனம் மருந்தை விற்றுத் தின்னும் என்று நினைக்கிற பார்வை.

"போன தவணை இந்தப் பிள்ளை வகுப்பிலை இருக்கிறதே தெரியாது. கொப்பியெல்லாம் நிரப்பி எழுதினவன். இப்ப ரெண்டு கிழமையாத் திரும்பவும் பழைய மாதிரி. கிளினிக்கிலை சொல்லிக் குளிசையைக் கூட்டச் சொல்லுங்கோ."

வழி முழுக்க அவன் ஓடினான், நின்றான், மதிலில் ஏறினான், இறங்கினான். அவனது கையைப் பிடித்த கை வலித்தது. ஓரிடத்தில் மனம் நிற்காத வருத்தம், ஒருவகை நோய் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பிள்ளையின் பிழையில்லை, வளர்ப்பின் பிழையுமில்லை என்றும் சொல்லியிருந்தார். அந்த இரண்டாவது வார்த்தைக்காக அவள் அவரைக் கும்பிட்டிருக்கிறாள். குளிசை தொடங்கிய கிழமையே அவன் ஒரு பாடம் முழுக்க இருந்து எழுதினான். அதை வைத்துத்தான் அவள் இந்த வருசத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கற் பேணியைத் திறந்தாள். மேல் அட்டையில் நாள் கணக்குப்படி மூன்று குளிசை மிச்சம். அடியில் மற்ற அட்டையின் நுனி தெரிந்தது. எல்லாம் சரி. அப்படியென்றால் பிழை எங்கே?

"காலமை குளிசை போட்டனியோ?"

"அப்பா தந்தவர். போட்டனான்."

"துப்பினனியோ?"

"இல்லையம்மா. ஆ..." வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினான்.

மருந்தே போலியாக இருக்குமோ என்று நினைத்தாள். கிளினிக்கில் மாறித் தந்துவிட்டார்களோ என்று நினைத்தாள். கூட்டித் தரச் சொன்னால் இன்னும் பெரிய குளிசையாகத் தருவார்கள். இவ்வளவு சின்ன உடம்பு எவ்வளவைத் தாங்கும்? யோசித்தபடியே பையிலிருந்து சோற்றுப் பெட்டியை எடுத்துக் கழுவப் போனாள். பள்ளிக்கூடம் பாதியில் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை, பெட்டியை எப்போது வழித்துத் துடைத்தானோ, கழுவுவதற்கு ஒன்றுமில்லை.

இரண்டு கிழமையாக அந்தப் பெட்டி இப்படித்தான் வருகிறது. பிள்ளைக்கு வயிறு திறந்துவிட்டது என்று அவள் மகிழ்ந்து, சோற்றைக் கூட்டியும் கட்டிக்கொண்டிருந்தாள்.

பின்னேரமானதும் பின்வளவில் ஆடு கத்தியது. வேலிப் பொட்டுக்குள் வாளி வந்திருந்தது.

தகர வேலிக்கு அந்தப் பக்கம் புருசனின் தமக்கை ஞானாம்பிகையின் வீடு. தாய் தகப்பனின் காணியை இரண்டாகப் பிரித்தபோது வேலி வந்தது. ஆள் நுழைய ஒரு பொட்டும் விட்டார்கள். சீனி, தேங்காய், பனடோல் என்று கேட்டதெல்லாம் அந்தப் பொட்டால்தான் போய்வரும். அங்கே மிஞ்சும் சோறும் கஞ்சித் தண்ணியும் மரக்கறித் தோலும் பின்னேரத்தில் இங்கே ஆட்டுக்கு வரும். பால் காய்ச்சினால் ஒரு கிளாஸ் அங்கே போகும்.

தயாளினி வாளிக்குள் கையை விட்டுக் கிளறினாள். தோலுக்குக் கீழே சோறு. ஒரு ஆளின் முழுச் சாப்பாடு. கத்தரிக்காய்க் குழம்பு ஒரு பக்கத்தில் ஊற்றியபடியே, பிசையாமல், பொரித்த மீன்கூட முறியாமல் கிடந்தது. நேற்றும் இப்படித்தான் வந்தது. முந்தநாள் இடியப்பம். மச்சாள் வீட்டில் கை தாராளமாகிவிட்டது என்று அவள் ஆட்டைத் தடவி விட்டிருந்தாள்.

அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். மச்சாள் மீனை ஆட்டுக்கு எறிகிற ஆளில்லை. மிச்சம் மகள் ஆரபி. ஏ.எல். பரீட்சை இரண்டாந்தரம் எடுக்கிறாள். முதல் தரம் மெடிசின் கொஞ்சத்தில் தவறிப்போனது. எதைக் கொடுத்தாலும் விரும்பித் தின்கிற பெட்டை.

குளிசை போட்ட நாட்களில் மயூரதனின் சோறும் இப்படித்தான் தொடாமல் திரும்பி வரும்.

தயாளினி வாளியை வைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டாள்.

"அந்தக் குளிசை எப்பிடியிருக்கும் ராசா?"

"முந்தினது கைக்கும். இப்பத்தையது இனிப்பும் புளிப்பும். தோடம்பழ நிறம். சப்பலாம் எண்டு அப்பா சொன்னவர்."

அவள் பொட்டுக்குள்ளால் குனிந்து போனாள். நாரி நோவு அப்போது தெரியவில்லை.

ஞானாம்பிகை குசினி வாசலில் திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தா.

"வா தயா. தோட்டம் கெதியா முடிஞ்சுதோ?"

"மச்சாள், ஆரபி சாப்பிடுறேல்லையோ?"

"சோதினை கிட்டுது. எந்தப் பிள்ளை இப்ப வயிறு முட்டத் தின்னுது?"

"என்ரை பிள்ளை தின்னுது. ரெண்டு கிழமையாப் பெட்டியை வழிச்சுத் துடைச்சுக்கொண்டு வாறான்."

"நல்லதுதானே."

"நல்லதெண்டுதான் நானும் விசரி மாதிரி இருந்தனான். அந்தக் குளிசை போட்டால் அவனுக்குப் பசிக்காது. இப்ப அவன்ரை பெட்டி வெறுமையா வருது. உங்கடை சோறு என்ரை ஆட்டுக்கு வருது."

திருவலையில் தேங்காய் நின்றது. "என்ன கதை இது? நாங்கள் களவெடுத்தனாங்கள் எண்டு சொல்லுறியோ?"

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை மச்சாள். நீங்கள்தான் சொல்லுறியள்."

அறைக்குள்ளிருந்து ஆரபி வந்தாள். உதடு காய்ந்து தோலுரிந்திருந்தது. கையில் பேனை. அதன் மூடியை அமத்தி அமத்தி எடுத்துக்கொண்டே நின்றாள்.

"மாமா தந்தவர் மாமி. மயூவுக்கு இனித் தேவையில்லை, டொக்டர் நிப்பாட்டிட்டார் எண்டு சொன்னவர்."

"நீ உள்ளை போ!" என்றா தாய்.

"போறன். ஆனா நான் கேக்காமல் எடுக்கேல்லை."

அவள் போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். ஞானாம்பிகை தேங்காய்ப் பாதியைச் சுளகில் போட்டுவிட்டு எழும்பினா. இனி மறைக்க ஒன்றுமில்லை என்றானதும் குரல் தடித்துவிட்டது.

"ஓம், குடுத்தனான். என்ன இப்ப? கொக்குவிலுக்கு ரியூசனுக்கு வாற பிள்ளையளிலை எத்தினை போடுதுகள் எண்டு உனக்குத் தெரியுமே? காசுள்ளதுகளுக்குக் கொழும்பிலை இருந்து வருதாம். என்ரை பிள்ளை மட்டும் வெறும் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு அதுகளோடை ஓடவேணுமோ?"

"வருத்தமில்லாத பிள்ளைக்கு என்னத்துக்கு மருந்து?"

"நீ காலமை என்ன போட்டிட்டுத் தோட்டத்துக்குப் போனனீ?"

"நோக் குளிசை. நாரி நோகுது, போட்டன்."

"நாரி நோகுதெண்டால் ஆறியிருக்க வேணும். நீ ஆறேல்லை. குளிசையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போறாய். அவளும் அதைத்தான் செய்யிறாள். உனக்கு வெங்காயம், அவளுக்குப் புத்தகம்."

அந்தக் கதையில் எங்கே பிழை என்று தயாளினிக்கு உடனே பிடிபடவில்லை. வரம்பில் இருக்கிற பெண்கள் எல்லோருடைய மடியிலும் அந்தக் குளிசை இருந்தது. அது இல்லாவிட்டால் சண்முகநாதனின் வெங்காயம் மண்ணுக்குள்தான் கிடக்கும்.

"நான் போடுறது நான் வாங்கின குளிசை," என்றாள் கடைசியில். "ஒரு பிள்ளையின்ரை வாயிலை இருந்து பறிச்சுப் போடேல்லை."

பிறகு ஆரபியைப் பார்த்துக் கேட்டாள். "உதைப் போட்டு மூளை கூடினதோ பிள்ளை?"

ஆரபி யோசித்துத்தான் பதில் சொன்னாள். "மூளை கூடேல்லை மாமி. கதிரையிலை இருந்து எழும்ப மனம் வராது. அவ்வளவுதான். போன மொடல் பேப்பருக்கு மார்க்ஸ் கூடினது. அதுக்கு முந்தினதுக்கும் கூடினதுதான், அப்ப நான் ஒண்டும் போடேல்லை."

"கூடினது குளிசையாலைதான்," என்றா தாய்.

படலையில் சைக்கிள் சத்தம் கேட்டது. புருசன் குகதாசன் மேசன் வேலை முடித்து வந்திருந்தான். தன் வீட்டில் ஆளில்லாததைக் கண்டு பொட்டால் வந்தான். முழங்கால் வரை சீமெந்து காய்ந்திருந்தது. மூன்று பெண்களின் முகத்தையும் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. பின்னால் வந்த மயூரதன் வேலித் தகரத்தைக் காலால் தட்டிக்கொண்டு நின்றான். டங், டங், டங்.

"உவனுக்கு வருத்தமில்லை," என்றான் குகதாசன். "குழப்படி. நானும் உந்த வயசிலை உப்பிடித்தான். எனக்கு ஆர் குளிசை தந்தவை?"

"இண்டைக்குத் தண்ணித் தாங்கிக்கு மேலை ஏறி நிண்டவன். அடுத்த தரம் நடந்தால் பள்ளிக்கூடத்தாலை நிப்பாட்டுவினமாம்."

குகதாசன் முழங்காலில் காய்ந்த சீமெந்தைச் சுரண்டினான். "இறங்கிட்டான்தானே."

"வருத்தமில்லை எண்டால் ஏன் இனிப்புக் குளிசையைக் குடுத்து ஏமாத்தினனீங்கள்? குளிசை இல்லை எண்டு நேரை சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் நீ விடுவியோ? இஞ்சை பார் தயா. குடும்பத்திலை ஒண்டு டொக்டரா வந்தால் எங்கள் எல்லாருக்கும்தானே. உவன் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறான்?"

தகரத்தின் சத்தம் நின்றது.

ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆரபிதான் பேனையை மூடிவிட்டு, "மாமா, உப்பிடிச் சொல்லாதேங்கோ," என்றாள். அது குகதாசனுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பின்னேரத்துக்கென்றும் அக்கா கேட்டா, அதற்கும் கொடுத்தேன் என்று தானாகவே சொல்லிவிட்டான்.

"பின்னேரத்துக்குமோ? எதிலை இருந்து?"

தயாளினி வீட்டுக்குப் போய்ப் பேணியைக் கவிழ்த்தாள். அடியில் கிடந்த அட்டை விழுந்தது. ஒவ்வொரு குழியும் அமத்தி எடுக்கப்பட்டு வெறும் தகடாக இருந்தது. அடுத்த கிளினிக் மாதக் கடைசியில்தான். கையில் மூன்று குளிசை.

வெறும் அட்டையோடு திரும்பி வந்தாள்.

"நான் டொக்டரிட்டை என்னெண்டு சொல்லுறது? நடந்ததைச் சொன்னால் இந்த வீட்டுக்கு இனி மருந்து தரமாட்டினம். சொல்லாட்டில், பிள்ளைக்குக் கேக்கேல்லை எண்டு கூட்டித் தருவினம். ரெண்டிலை எதைச் சொல்ல? நீங்கள் சொல்லுங்கோ மச்சாள்."

"நான் காசு தாறன்."

"காசை அவன் விழுங்க ஏலாது. எனக்கு ஒரு அட்டைக் குளிசை வேணும்."

"டொக்டரின்ரை துண்டில்லாமல் ஒரு கடையிலும் தராங்கள் தயா. எடுக்க வழியிருந்தால் நாளைக்கே எடுத்துத் தந்திடமாட்டனே? என்ரை தம்பியின்ரை பிள்ளையெல்லோ." கண்ணில் நீர்கூட வந்தது. "ஆரபியும் இனித் தொடமாட்டாள். முடிஞ்சுது. ஆணையா முடிஞ்சுது."

மூன்று நாள் தயாளினி தோட்டத்துக்குப் போகுமுன் மகனை நித்திரையால் எழுப்பி, தன் கையால் குளிசையைக் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள். மூன்று நாளும் சோறு திரும்பி வந்தது. ரீச்சரிடமிருந்து போன் வரவில்லை.

அதன் பிறகு அவனைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டுத் தன்னோடு தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். தாங்கியில் ஏறி நிற்கிற பிள்ளையை வரம்பில் ஓட விடலாம். அவன் அரை மணி நேரம் வெங்காயம் பொறுக்கினான். பிறகு கட்டிய பிடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டான். சண்முகநாதன் கத்தினார். "இவனை வைச்சுக்கொண்டு நீ நாளைக்கு வரத் தேவையில்லை." அவள் அவிழ்ந்தவற்றைத் திரும்பக் கட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது பொட்டுக்குள் வாளி இருந்தது. வேண்டாம் என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆடு சினையாக நின்றது.

கையை விட்டுக் கிளறினாள். மேலே பூசணித் தோல். கீழே சோறு, ஒரு ஆளின் முழுச் சாப்பாடு. பருப்பு ஊற்றியபடியே உறைந்து கிடந்தது. அப்பளத்தின் ஒரு மூலைகூடக் கடிபடவில்லை.

அவளது பேணியில் ஒன்றுமில்லை. குகதாசனின் சட்டைப் பைகளை அவள் இப்போது ஒவ்வொரு நாளும் தடவிப் பார்க்கிறாள். அதிலும் ஒன்றுமில்லை. அப்படியென்றால் அந்த வீட்டுக்கு வேறு எங்கிருந்தோ வருகிறது. ஒரு கடையிலும் எடுக்க வழியில்லை என்று அழுத வீட்டுக்கு.

"மச்சாள்!" என்று தகரத்துக்கு மேலால் கூப்பிட்டாள்.

அந்தப் பக்கம் திருவலைச் சத்தம் நின்றது. பிறகு குசினிக் கதவு சாத்துகிற சத்தம்.

சோறு முழுவதையும் ஆட்டின் முன் கொட்டிவிட்டு, வாளியைக் கழுவி, பொட்டுக்குள்ளால் அந்தப் பக்கம் வைத்தாள். வாளிக்குள் அந்த வெறும் அட்டையையும் போட்டாள்.

காலையில் வாளி எடுபட்டிருந்தது. அட்டை மண்ணில் கிடந்தது. மயூரதனுக்கு அந்த வீடு தர வேண்டிய ஒரு அட்டைக் குளிசை இன்னும் வரவில்லை.