தம்பியை அளந்த கருவி

"ஒரு கை பிடிங்க மாமா, கழுத்து சாயுது" என்றாள் தம்பி பொண்டாட்டி. அண்ணன்காரர் ஈரத்துணியோடு அறை வாசலிலேயே நின்றார்.

கட்டிலில் தம்பி. காலையில் வேலைக்குக் கிளம்பியவன் செருப்பு மாட்ட உட்கார்ந்தான், உட்கார்ந்தபடியே போய்விட்டான். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாயிற்று. அண்ணன்காரர் அதை நம்பவில்லை. அவர் எதைத்தான் நம்பினார்? கல் அறுத்துத் தரை பதிக்கிற ஆள். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் தரையைக்கூட நம்பாதவர். தம்பி அணுமின் நிலையத்தில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். அத்தனை வருஷமும் அவனோடு தோளுரச உட்கார்ந்ததில்லை. தன் பிள்ளைகளை அவன் தூக்க விட்டதில்லை. ஞாயிறானால் சாப்பிட மட்டும் வருவார். வந்தால் சண்டை.

"அந்தக் கழிவ எங்கடா வைப்பீங்க? ஆயிரம் வருஷத்துக்கு எவன் காவல் இருப்பான்?"

"நிலக்கரிச் சாம்பலுக்கு எவன் காவல் இருக்கான்? அது நேரா நெஞ்சுக்குள்ளயே போகுதே."

இன்னும் இரண்டு உலை கட்டப் போகிறார்கள். அடுத்த வாரம் அதற்கு ஊர்க் கூட்டம். கட்டலாம் என்று பேசத் தம்பி பெயர் கொடுத்திருந்தான். கூடாது என்று பேச இவர்.

"என்ன மாமா, பயமா?"

"பயமில்லம்மா. அவன் உடம்புல என்னென்ன ஏறிக் கெடக்கோ."

"நானும் இருபத்திரண்டு வருஷம் பக்கத்துல படுத்தவதான். வெளக்க அணைச்சிட்டுப் பாருங்க, மின்னுறேனான்னு."

அப்போதும் அவர் கால் நகரவில்லை.

முன்னறையில் தம்பியின் கூட்டாளி ஒருவர் இருந்தார். நிலையத்தில் வேலை முடிந்து வருகிறவர்கள் மேல் கதிர்வீச்சு ஒட்டியிருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பவர். அந்தக் கருவியின் சத்தமே அவருக்குப் பெயராகிவிட்டது.

"யோவ் டிக்டிக், அவனை அளந்து காட்டு."

"அண்ணே, சாவு வீட்டுலயா?"

"அளந்துடுங்க" என்றாள் அவள், தலை நிமிராமல். "இல்லேன்னா இவரு வாசப்படி தாண்ட மாட்டாரு."

கூட்டத்தில் காட்டவென்று வாங்கிய சொந்தக் கருவி டிக்டிக்கின் வண்டியில் இருந்தது. கொண்டுவந்து தம்பியின் நெஞ்சுக்கு மேலே பிடித்தார். டிக். கொஞ்சம் பொறுத்து, டிக். அவ்வளவுதான்.

"நீ கொறைச்சு வெச்சிருப்ப. இங்க குடு."

பிடுங்கிக்கொண்டு நடந்தார். சுவரைப் பார்த்தார். தண்ணீர்க் குடத்தைப் பார்த்தார். தன் வயிற்றில் வைத்துப் பார்த்தார். எங்கும் அதே சோம்பல் சத்தம். அட, என்னதான் பிடிக்கும் இதற்கு என்று சமையலறைக்குள் போனார். அடுப்பு மேடை மேல் வைத்ததும் அது படபடவென்று அடிக்கத் தொடங்கியது.

எடுத்தார், அடங்கியது. வைத்தார், மறுபடியும் படபட.

அது சிவப்புக் கிரானைட் மேடை. வீடு கட்டியபோது அவரே பார்த்து எடுத்து, அறுத்து, தேய்த்து, பதித்துக் கொடுத்தது.

"என்னய்யா இது?"

"சில கல்லுல இயற்கையாவே கொஞ்சம் இருக்கும்ணே. ஒண்ணும் பண்ணாது."

"யாரு சொன்னா?"

"நாங்கதான்."

"அதான்யா என் சந்தேகமே." குனிந்து இன்னொரு முறை கேட்டார். "அவனுக்குத் தெரியுமா?"

"குடி வந்த வாரமே ஒரு கருவி எரவல் வாங்கி அளந்துட்டாரு. என்னையும் கூப்பிட்டுக் காட்டினாரு."

"அத்தனை சண்டை போட்டோமே. ஒரு தடவகூட இதச் சொல்லலையே?"

டிக்டிக் அவளைப் பார்த்தார். அவள் கதவோரம் வந்து நின்றிருந்தாள்.

"சொன்னா அண்ணன் இந்த வீட்டுல கை நனைக்க மாட்டாரு, வாய மூடிக்கிட்டு இருன்னு சொல்லிட்டாரு உங்க தம்பி."

கருவி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கே அமுக்கினால் நிற்கும் என்று தெரியாமல் அதை டிக்டிக்கிடம் நீட்டினார்.

"கூட்டத்துல நான் எதிர்த்துத்தான்யா பேசுவேன்."

"பேசுங்கண்ணே."

"கழிவப் பத்திக் கேப்பேன்."

"கேளுங்க."

அறைக்குள் போனார். கட்டிலில் தம்பியை ஒட்டி உட்கார்ந்து, ஒரு கையால் அவன் தலையைத் தாங்கிக்கொண்டார். அவள் முதுகைத் துடைத்தாள். தம்பியின் காதுமடலுக்குப் பின்னால், காலையில் சவரம் செய்த சோப்பு வெள்ளையாய்க் காய்ந்திருந்தது. அண்ணன்காரர் மறு கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அதை மெல்லத் தேய்த்தார்.