கழுத்து நிறைய வாழ்த்து

இடைக்கால அரசு பதவியேற்று ஆறு நாளாகியும் புது மந்திரி தீர்த்தமணி ரெக்மியை வாழ்த்த வந்தவர்களின் வரிசை குறைந்தபாடில்லை. பழைய அரசைக் கவிழ்த்த போராட்டத்தில் அமைச்சகம் எரிந்துபோனதால் ஒரு பயிற்சி நிலையத்தின் கூடத்தில் அவருக்கு மேசை போட்டிருந்தார்கள். கழுத்தில் செண்டுமல்லி மாலை, மாலைக்கு மேல் காதா, காதாவுக்கு மேல் இன்னொரு மாலை. அந்த மஞ்சள் பட்டுத் துண்டைக் கழுத்தில் போடாமல் காத்மாண்டுவில் ஒருவரை வாழ்த்தினால் அது வாழ்த்தே இல்லை. "மாலை வேண்டாம், காதா வேண்டாம், வேலை செய்ய வந்திருக்கிறோம்" என்று தொலைக்காட்சியில் முழங்கியவரும் இவர்தான். தேர்தல் நடத்தக் கொடுத்திருப்பதே ஆறு மாதம். முதல் வாரம் கழுத்துக்கே போய்விட்டது.

வரிசையில் நின்ற சுன்கேசரி தமாங்குக்கு இது மூன்றாவது படையெடுப்பு. ரத்னா பார்க்கிலிருந்து மின்சார டெம்போ ஓட்டுகிறவள். பதினெட்டு வருஷமாக அந்த நெரிசலில் வண்டி ஓட்டியும் இப்படி அசையாத வரிசையை அவள் பார்த்ததில்லை. அவளுடைய மகன் நிஷ்சல் போராட்டத்தில் இடது கண்ணில் ரப்பர் குண்டு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். வியாழக்கிழமைக்குள் டெல்லியில் அறுவை செய்தால் பார்வை தப்பும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காயம்பட்டவர்களை அரசே அனுப்பும் என்று அறிவிப்பும் வந்தது. அதற்கு வேண்டியது மந்திரியின் ஒரு கையெழுத்து. இன்று செவ்வாய்.

முதல் நாள் வாசலிலேயே காவலர் மடக்கினார். "மனு வாங்குறது அடுத்த வாரம் அக்கா. இப்ப வாழ்த்து மட்டுந்தான்."

மறுநாள் அவளும் ஒரு காதா வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மந்திரி கழுத்தில் போட்டாள், கும்பிட்டாள், வாயைத் திறப்பதற்குள் போட்டோ எடுத்து மறுபக்கம் தள்ளிவிட்டார்கள். புஷ்கர் என்ற உதவியாளன் மட்டும் ஆஸ்பத்திரியின் நீலக் கவரை வாங்கி, "பாத்துக்கறோம் அக்கா, கவலய விடுங்க" என்று பூங்கொத்துகளின் மேல் வைத்தான். அவளும் நம்பி வந்தாள். ஒரு போனும் வரவில்லை.

"இந்த ஆளுங்களத்தான் போராடுன பசங்க நீங்கல்லாம் போன்ல கூடிக்கூடிப் பேசிப் பதவியில உக்கார வெச்சீங்களாடா?" என்று மகனிடம் எரிந்து விழுந்தாள்.

"கொஞ்சம் டைம் குடும்மா, புது கவர்மெண்ட்டு" என்றான் அவன், கட்டுப்போட்ட கண்ணோடு. அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

இன்றைக்குப் பின்னால் நின்றவரின் மாலை வேறு அவள் பிடரியை அறுத்துக்கொண்டே இருந்தது. டாக்கா தொப்பி வைத்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். பெயர் ஹஸ்த பகதூராம். இரண்டு கையாலும் தாங்க வேண்டிய அளவுக்கு மாலை.

"ஏன் அண்ணே, மாலை மந்திரிக்கா, யானைக்கா?"

"பெருசா இருந்தாத்தான் தங்கச்சி மூஞ்சியப் பாப்பாங்க."

"பாத்து? பதவி குடுப்பாங்களா? ஜால்ராவுக்கும் ஒரு அளவு வேணாமா?"

அவர் மாலையை இன்னும் கவனமாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மானங்கெட்ட மனுஷன் என்று அவள் திரும்பிக்கொண்டாள்.

மேசைக்கு நான்கு பேர் மிச்சமிருக்கும்போது பெருக்குகிற அம்மாள் வாடிய மாலைகளைச் சாக்கில் அடைத்து இழுத்துக்கொண்டு போனாள். சாக்கின் வாயில் நீலமாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. சுன்கேசரி பாய்ந்து உருவினாள். அதே கவர். மேலே நிஷ்சலின் பெயர், பூச்சாறு பட்டு ஊறியிருந்தது. ஒருவரும் பிரிக்கவே இல்லை.

"இத எங்க கொண்டு போறீங்க?"

"குப்பைக்குத்தான். வாழ்த்துக் கவரெல்லாம் மாலையோட போட்டுருன்னாங்க."

அவள் கவரைக் கிழித்து உள்ளிருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. காதாவை மந்திரியின் கழுத்தில் போட்டாள். அவர் பழகிப்போன சிரிப்போடு கேமராவைப் பார்த்தார். காதாவின் இரண்டு நுனிகளையும் அவள் விடவில்லை. ஒரே கையில் சேர்த்துச் சுற்றிப் பிடித்தாள்.

"முடிஞ்சுது, நகருங்க அக்கா" என்றான் புஷ்கர்.

"நகர மாட்டேன்."

காவலர் ஓடி வந்தார். அவள் பிடியை ஒரு சுற்று இறுக்கினாள். மந்திரியின் முகம் மேசைக்கு மேல் தாழ்ந்தது. "இழுக்காதப்பா, என் கழுத்துதான் போகும்" என்று அவரே காவலரைத் தடுத்தார்.

"அய்யா, மூணாவது தடவ வர்றேன். எம் புள்ள கண்ணு உங்க குப்பச் சாக்குல கெடந்துச்சு. படிங்க."

மறுகையால் காகிதத்தை அவர் மூக்குக்குக் கீழே விரித்தாள். மந்திரி படித்தார். பாதியில் சிரிப்பு போய்விட்டது.

"வியாழக்கிழமையா? இத யாருமே என்கிட்ட சொல்லலையேம்மா."

"சொல்ல எங்கய்யா விட்டாங்க? வாழ்த்தத்தான் விட்டாங்க."

அவர் புஷ்கரை ஒரு பார்வை பார்த்து, பேனா வாங்கி, கழுத்து கட்டுண்டபடியே கையெழுத்துப் போட்டார். நாளைக் காலை விமானத்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி அப்போதே போன் போட வைத்தார். போனில் மறுமுனை சரியென்று சொன்னதைக் காதால் கேட்ட பிறகுதான் சுன்கேசரி காதாவை விட்டாள். அழுகை வந்து தொலைத்தது.

அவள் விலகியதும் ஹஸ்த பகதூர் மேசைக்கு முன்னால் வந்தார். அந்தப் பெரிய மாலையை மந்திரிக்குப் போடாமல் தரையில் வைத்துப் பூக்களுக்கு நடுவே கையை விட்டார். பிளாஸ்டிக் உறையில் மடித்த ஒரு காகிதம் வெளியே வந்தது.

"என் பொண்ணுங்கய்யா. கால்ல குண்டு."

"குடுங்க, படிக்கிறேன்" என்று மந்திரி கையை நீட்டினார்.

ஹஸ்த பகதூர் காகிதத்தைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, சுன்கேசரி விட்டுப்போன காதாவின் இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டார்.